இணையத்தளம் ஏன் உறைந்து நிற்கிறது? தீவக வாசகர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

பரீட்சைப் பெறுபேறு, சான்றிதழ் விண்ணப்பம், கட்டணம் செலுத்துதல் என்று பொதுமக்களின் அலுவல்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. யாழ். நகரத்தில் இருப்பவர் இணையத்தளம் வேலை செய்யாவிட்டால் சைக்கிளில் ஏறி அலுவலகத்துக்கே போய்விடலாம். நெடுந்தீவில் இருப்பவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அந்த வழியும் இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு அரை மணி நேர எரிச்சலாக முடிவது, தீவகத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பைத் தின்றுவிடும்.

ஆகவே, 'சேர்வர் டவுன்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும் பதிலை நாம் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. தேங்கலுக்குக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முடியும், திரும்ப வராமல் தடுக்கவும் முடியும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு மக்களும், தங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் இணையத்தளம் நடத்துகிற இளைஞர்களும் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

சந்தேகம்: பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது?

விளக்கம்: இணையத்தளம் இருக்கும் கணினியைத்தான் சேர்வர் என்கிறோம். அதில் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள் ஒன்று இயங்கும். நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டதும் அந்த வேலையை ஒரு 'புரோசஸ்' பொறுப்பெடுக்கிறது. அது தரவுத்தளத்தில் தேடி, பக்கத்தை உருவாக்கி, உங்களுக்கு அனுப்பிவிட்டு அடுத்தவருக்குத் தயாராகும். எல்லாம் சரியாக இருந்தால் இதற்கு அரை விநாடிகூட ஆகாது.

இந்தப் புரோசஸ்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரே நேரத்தில் சில படகுகளே அணைய முடியும். ஆட்களை இறக்கிய படகு விலகாமல் நின்றுவிட்டால் பின்னால் வந்த படகுகள் கடலிலேயே நிற்க வேண்டியதுதான். சேர்வரிலும் ஒரு புரோசஸ் வேலையை முடிக்காமல் நின்றால் ஓர் இடம் போய்விடுகிறது. அப்படி இருபது முப்பது நின்றுவிட்டால் புதிதாக வருபவர் எவருக்கும் இடமில்லை.

நிற்பதில் இரண்டு வகை உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முடிவே வராத கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு கணினியின் மூளையான சிபியுவை முழுதாக விழுங்குவது. மற்றது, வேறு எதற்காகவோ காத்துக்கொண்டு சும்மா நிற்பது. வாசகருக்கு இரண்டும் ஒரே சுற்றும் வட்டமாகத்தான் தெரியும். நோயும் மருந்தும் வேறு வேறு.

சந்தேகம்: எங்கள் சிக்னல் பிழையா, சேர்வர் பிழையா என்பதை எப்படி அறிவது?

விளக்கம்: முதலில் வேறு இரண்டு இணையத்தளங்களைத் திறந்து பாருங்கள். அவையும் திறக்காவிட்டால் சிக்னல்தான் காரணம். அவை திறந்து இது மட்டும் நின்றால் சேர்வர் பக்கம் சந்தேகப்படலாம். திரையில் எண் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 503 என்றால் இப்போது ஏற்க முடியாத அளவு சுமை அல்லது பராமரிப்பு. 504 என்றால் முன்னால் நிற்கும் சேர்வர் பின்னால் உள்ளதிடம் கேட்டுக் காத்திருந்தும் உரிய நேரத்தில் பதில் வரவில்லை. 502 என்றால் பின்னால் உள்ளது செத்துவிட்டது அல்லது பிழையான பதில் தந்தது. பலர் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஹோஸ்டிங்கில் 508 வந்தால், அந்தத் தளத்துக்கு ஒதுக்கிய சிபியு, நினைவகம் அல்லது புரோசஸ் அளவு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சந்தேகம்: ஆட்கள் கூடும்போது தேங்குவது விளங்குகிறது. யாருமே இல்லாத சாமத்தில் சிபியு 100 சதவீதம் காட்டுகிறதே, எப்படி?

விளக்கம்: ஒரே ஒரு வேண்டுகோள் போதும். உலகத்தின் பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன.

2016 ஜூலை 20ஆம் திகதி, நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோ 34 நிமிடம் முடங்கியது. யாரோ ஒருவர் இட்ட பதிவின் நடுவில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன. வரியின் கடைசியில் உள்ள வெற்றிடத்தை வெட்டுவதற்காக எழுதிய ஒரு தேடல் கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்), முதல் வெற்றிடத்தில் தொடங்கிக் கடைசிவரை போய்த் தோற்று, இரண்டாவதில் தொடங்கி மறுபடி தோற்று, மூன்றாவதில் தொடங்கி என்று ஏறத்தாழ 20 கோடி தடவை சோதித்தது. 2019 ஜூலை 2ஆம் திகதி கிளவுட்ஃபிளேர் நிறுவனத்திலும் இதே வகைப் பிழைதான். பாதுகாப்பு விதி ஒன்றில் எழுதிய ஒரு கோவை உலகெங்கும் உள்ள அதன் சேர்வர்களின் சிபியுவை 100 சதவீதத்துக்குத் தள்ளியது. அந்த நிறுவனத்தை நம்பியிருந்த எண்ணற்ற தளங்கள் 27 நிமிடம் தடுமாறின.

2011 ஜனவரியில் பிஎச்பி மொழியில் இன்னொரு விசித்திரம் வெளிப்பட்டது. 2.2250738585072011 என்பதை 10இன் மறை 308ஆம் அடுக்கால் பெருக்கி வரும் மிகச் சிறிய எண்ணைப் படிவம் ஒன்றில் யாராவது கொடுத்தால், 32 பிட் கணினிகளில் பிஎச்பி அதை மாற்ற முயன்று முடிவில்லாமல் சுற்றியது. ஒரே ஓர் எண், ஒரு சேர்வரை நிறுத்தப் போதுமாக இருந்தது. சில நாட்களிலேயே திருத்திய பதிப்புகள் வெளியாகின. 2012 ஜூன் 30 நள்ளிரவு, இலங்கை நேரப்படி ஜூலை 1 அதிகாலை 5.30 மணியளவில், உலக நேரத்தில் ஒரு விநாடி கூட்டப்பட்டது. அதைச் சரியாகக் கையாளாத லினக்ஸ் சேர்வர்களில் வேலையே இல்லாத புரோசஸ்கள் சிபியுவை நிரப்பின. ரெடிட் உள்ளிட்ட தளங்கள் தடுமாறின. கணினியின் திகதியை ஒருமுறை மறுபடி பதிந்ததும் பல சேர்வர்கள் பழைய நிலைக்கு வந்தன.

தமிழ்த் தளம் நடத்துபவர்கள் ஸ்டாக் ஓவர்ஃபுளோவின் கதையைக் கவனிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்ற நம்மிடையே பலர் நீண்ட தேடல் கோவைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாசகர் வரும்போதும் அந்த மாற்றம் நடக்கும்படி விட்டிருந்தால், நீளமான ஒரு கட்டுரையே சேர்வரை நிறுத்திவிடலாம். ஒருமுறை மாற்றி, மாற்றியதைச் சேமித்து வையுங்கள்.

சந்தேகம்: எந்தப் புரோசஸ் நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கம்: லினக்ஸ் சேர்வரில் நுழைந்து 'டொப்' என்ற கட்டளையைக் கொடுங்கள். மேல் வரியில் சராசரிச் சுமை மூன்று எண்களாக இருக்கும்: கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. இரண்டு மையங்கள் உள்ள சிபியுவில் 2 என்றால் முழு வேலை, 20 என்றால் வேலைகள் வரிசையில் நிற்கின்றன. முதல் எண் பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால் தொல்லை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

கீழே வரும் பட்டியலில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பிஎச்பி புரோசஸ் ஒன்று, நிலை 'ஆர்' (ஓடுகிறது), சிபியு 99.8, ஓடிய நேரம் 47 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 47 நிமிட சிபியு நேரம் எந்த நியாயத்திலும் அடங்காது. இதுதான் ஆள். இதற்கு மாறாகச் சிபியு 0, நிலை 'எஸ்' என்று நாற்பது புரோசஸ்கள் வரிசையாக நின்றால் அவை எதற்கோ காத்திருக்கின்றன. நிலை 'டி' என்றால் பெரும்பாலும் வட்டுக்காகக் காத்திருக்கிறது. அந்த நிலையில் உள்ளதைக் கட்டாயமாகக் கொல்லும் கட்டளைகூட உடனே கொல்லாது. சிபியு சும்மா இருந்தும் சராசரிச் சுமை ஏறுவதற்கு 'டி' நிலைதான் காரணம், ஏனென்றால் லினக்ஸ் அவற்றையும் சுமையில் சேர்த்தே எண்ணுகிறது.

அடுத்து, அந்தப் புரோசஸின் இலக்கத்தைக் கொடுத்து 'எஸ்ட்ரேஸ்' கருவியை ஓடவிடுங்கள். புரோசஸ் பணிசெயல் முறைமையிடம் கேட்பதையெல்லாம் அது வரி வரியாகக் காட்டும். ஒரே வாசிப்பு வரியில் நின்றுவிட்டால் தரவுத்தளத்திடமோ வெளி நிறுவனத்தின் சேர்வரிடமோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்தால் நிரலில் சுழல் இருக்கிறது. சிபியு 100 சதவீதம் ஓடியும் எஸ்ட்ரேஸில் ஒரு வரியும் வராவிட்டால், புரோசஸ் தனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது தேடல் கோவையையும் முடிவில்லாச் சுழலையும் சந்தேகப்படுங்கள்.

அப்பாச்சியின் நிலைப் பக்கத்தைத் திறந்துவைத்தால் எந்தப் புரோசஸ் எந்த முகவரிக்காக எத்தனை விநாடியாக வேலை செய்கிறது என்பதும் தெரியும். பிஎச்பி புரோசஸ்களை நிர்வகிக்கும் பிஎச்பி எஃப்பிஎம்மைப் பயன்படுத்துபவர்கள் அதன் மெதுவேலைப் பதிவை இயக்கினால், குறித்த விநாடிகளைத் தாண்டும் ஒவ்வொரு பக்கமும் நிரலின் எந்த வரியில் நின்றது என்று கோப்பில் எழுதிவைக்கும். இரவு நீங்கள் தூங்கும்போது நடந்ததைக் காலையில் பார்க்கலாம்.

சந்தேகம்: சேர்வரை மீளத் தொடக்கினால் உடனே சரியாகிவிடுகிறதே. அது போதாதா?

விளக்கம்: போதாது. மீளத் தொடக்கும்போது தடயம் முழுவதும் அழிந்துவிடுகிறது. நாளை அதே நேரம் அதே தொல்லை வரும், காரணம் என்னவென்று உங்களிடம் ஒரு குறிப்பும் இருக்காது. ஐந்து நிமிடம் பொறுத்து டொப் காட்டியதைப் படம் பிடியுங்கள், எஸ்ட்ரேஸ் வரிகளைக் கோப்பில் போடுங்கள், நிலைப் பக்கத்தைச் சேமியுங்கள். பிறகு அந்த ஒரு புரோசஸை மட்டும் நிறுத்துங்கள். முதலில் 15ஆம் இலக்கச் சைகை கொடுத்தால் அது கோப்புகளை ஒழுங்காக மூடிவிட்டுப் போக வாய்ப்புண்டு. அதற்கும் அசையாவிட்டால் மட்டும் 9.

சந்தேகம்: பிஎச்பியில் 30 விநாடி கால எல்லை இருக்கிறது. அப்படியிருந்தும் புரோசஸ் மணிக்கணக்கில் நிற்பது ஏன்?

விளக்கம்: பலர் ஏமாறும் இடம் இது. லினக்ஸில் அந்த 30 விநாடி, நிரல் தானே ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறது. தரவுத்தளத்தின் பதிலுக்கும் வெளி சேர்வரின் பதிலுக்கும் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது. குறுஞ்செய்தி அனுப்பும் சேவையையோ வங்கியின் கட்டண வாயிலையோ அழைத்துவிட்டுக் காத்திருக்கும் பக்கம், எல்லையைத் தொடாமலே நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கால எல்லை வையுங்கள். வெளி அழைப்புகளுக்குப் பயன்படும் கேர்ள் நூலகத்தில் மொத்த நேர எல்லை இயல்பாகவே இல்லை, நீங்கள்தான் 5 அல்லது 10 விநாடி என்று எழுத வேண்டும். பிஎச்பி எஃப்பிஎம்மில் வேண்டுகோளை வெட்டும் எல்லையும் இயல்பில் அணைந்தே இருக்கும். அதை 60 விநாடிக்கு வைத்தால் எந்தக் காரணத்தால் நின்ற புரோசஸும் ஒரு நிமிடத்தில் இடத்தை விட்டு விலகும். தரவுத்தளத்தில் மெதுவான தேடல்களின் பதிவை இயக்குங்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் சுட்டி (இன்டெக்ஸ்) இல்லாமல் தேடும் ஒரு கேள்வி, பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும்.

சந்தேகம்: புரோசஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் தேங்கல் தீருமா?

விளக்கம்: பெரும்பாலும் மோசமாகும். அப்பாச்சியில் இயல்பு எல்லை 256. ஒரு வேர்ட்பிரஸ் புரோசஸ் 50 மெகாபைட் நினைவகம் எடுக்கிறது என்று வைத்தால், 256க்கும் 12 ஜிகாபைட்டுக்கு மேல் தேவை. உங்கள் சேர்வரில் இருப்பதோ 2 ஜிகாபைட். நினைவகம் தீர்ந்ததும் பணிசெயல் முறைமை வட்டை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கும். வட்டு பல மடங்கு மெதுவானது என்பதால் நன்றாக ஓடிய புரோசஸ்களும் சேர்ந்து நிற்கும். தரவுத்தளத்துக்கும் மற்றவற்றுக்கும் அரை ஜிகாபைட் விட்டு, மீதியை 50ஆல் பிரியுங்கள். 30 வரும். அதுதான் உங்கள் எல்லை. முப்பது பேருக்கு உடனே கொடுத்து மற்றவரைச் சில விநாடி வரிசையில் வைப்பது, இருநூறு பேரையும் ஒன்றாகத் தவிக்க விடுவதைவிட நல்லது.

சந்தேகம்: எங்கள் தீவின் மெதுவான இணைப்பு சேர்வரையும் பாதிக்குமா?

விளக்கம்: பாதிக்கும், ஆனால் குற்றம் உங்களுடையது அல்ல. பக்கத்தை உருவாக்க அரை விநாடி போதும். பலவீனமான சிக்னலில் அதை உங்கள் தொலைபேசிக்கு அனுப்ப 20 விநாடி ஆகலாம். பழைய முறையில் அமைத்த அப்பாச்சியில் அந்த 20 விநாடியும் ஒரு புரோசஸ் உங்களுக்காகவே கட்டப்பட்டிருக்கும். இந்தப் பலவீனத்தை வேண்டுமென்றே பயன்படுத்தும் 'ஸ்லோலோரிஸ்' என்ற தாக்குதல் 2009இல் வெளியானது. மிக மெதுவாகப் பேசும் சில நூறு இணைப்புகளை மட்டும் திறந்து, ஒரே கணினியால் ஒரு சேர்வரை அது முடக்கும்.

தீர்வு நெடுநாளாகவே இருக்கிறது. ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வியை 1999இல் டான் கெகல் எழுப்பினார். இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அதற்குச் செயலில் பதில் தந்தது. அதில் ஒரு புரோசஸே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும். அதை முன்னால் நிறுத்தினால் பின்னால் உள்ள கனமான புரோசஸ் பக்கத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போகும். மெதுவான தொலைபேசிக்கு மெதுவாகக் கொடுக்கும் பொறுப்பை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளும். மக்களுக்காகத் தளம் நடத்துபவர்கள் நெடுந்தீவின் சிக்னலை அளவுகோலாக வைத்துச் சோதிக்க வேண்டும். அங்கே திறந்தால் எங்கேயும் திறக்கும்.

சந்தேகம்: நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் ஊர்த் தளங்களுக்கு வெளிநாட்டிலிருந்து கூட்டம் குவிகிறது. என்ன முன்னேற்பாடு செய்யலாம்?

விளக்கம்: ஆனி மாதத் திருவிழா எப்போது வரும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று பரந்திருக்கும் தீவக மக்கள் தேரையும் தீர்த்தத்தையும் காண ஒரே நேரத்தில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் முகப்புப் பக்கத்தைப் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. ஒருமுறை உருவாக்கியதை ஒரு நிமிடம் சேமித்துக் கொடுத்தால், அந்த நிமிடத்தில் ஆயிரம் பேர் வந்தாலும் சிபியுவுக்கு ஒரு வேலைதான். படங்களைச் சுருக்கிப் போடுங்கள். நேரலையை யூடியூப் போன்ற சேவைக்கு விட்டுவிட்டு இணைப்பை மட்டும் உங்கள் தளத்தில் வையுங்கள். வேர்ட்பிரஸ் தளமானால், ஆட்கள் வரும்போது ஓடும் பின்னணி வேலைகளை நிறுத்தி, சேர்வரின் கால அட்டவணையில் ஓடவிடுங்கள்.

சந்தேகம்: எங்கள் சிறிய தளத்துக்கு நாளுக்கு நூறு பேர்கூட வருவதில்லை. அதுவும் ஏன் திணறுகிறது?

விளக்கம்: வருவது மனிதர்கள் மட்டுமல்ல. வேர்ட்பிரஸின் நுழைவுப் பக்கத்திலும் வெளிச் செயலிகள் தளத்துடன் பேசும் எக்ஸ்எம்எல் ஆர்பிசி கோப்பிலும் கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் முயலும் நிரல்கள் இரவும் பகலும் மோதுகின்றன. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காகத் தரவு அள்ளும் நிரல்களும் இப்போது சேர்ந்துவிட்டன. 2024 ஜனவரிக்குப் பிறகு படங்களையும் காணொளிகளையும் இறக்கும் போக்குவரத்து 50 சதவீதம் கூடியதாகவும், தன் சேர்வர்களுக்கு அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 சதவீதம் இத்தகைய நிரல்களிடமிருந்தே வருவதாகவும் விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிவித்தது.

மனித வாசகர்கள் பெரும்பாலும் ஒரே சில பக்கங்களைப் படிப்பதால் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடலாம். அள்ளும் நிரல்கள் யாரும் பார்க்காத பழைய பதிப்புகளையும் ஒப்பீட்டுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்கும். அவை ஒவ்வொன்றையும் சேர்வர் புதிதாக உருவாக்க வேண்டும். 2005இல் தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஊர் மலர்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம், விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. இத்தகைய பொதுச் சொத்துகளை நடத்தும் தன்னார்வலர்களுக்கு இந்தச் சுமை பெரிய பாரம். பதிவேட்டைப் பார்த்து ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் வருவதை மட்டுப்படுத்துங்கள். பயன்படாத எக்ஸ்எம்எல் ஆர்பிசியை மூடுங்கள்.

சந்தேகம்: எங்கள் அலுவலகத்திலேயே ஒரு சேர்வர் இருக்கிறது. தீவின் சூழல் அதைப் பாதிக்குமா?

விளக்கம்: ஆம். உப்புக்காற்று உலோகத் தொடுப்புகளை அரிக்கும், தூசு விசிறியை அடைக்கும். வெப்பம் எல்லையை மீறும்போது சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். நிரலில் ஒன்றும் மாறாமலே எல்லாம் தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சடுதியான மின்தடை தரவுத்தள அட்டவணைகளைப் பழுதாக்கும். டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் கலப்பு மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றாலை, 2,400 கிலோவாட் மணி மின்கலச் சேமிப்பு என்பது அதன் அளவு. எப்படியிருந்தாலும் மின்தடை ஏற்பட்டால் கணினி ஒழுங்காக நின்றுபோக அவகாசம் தரும் யுபிஎஸ் ஒன்றும், பிரதி எடுக்கும் பழக்கமும் அவசியம்.

சந்தேகம்: பாவனையாளர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது என்ன?

விளக்கம்: திரும்பத் திரும்ப 'ரிஃப்ரெஷ்' அழுத்தாதீர்கள். நீங்கள் பக்கத்தை விட்டு விலகியதைப் பிஎச்பி உடனே உணராது. பதிலை அனுப்பத் தொடங்கும்போதுதான் ஆளில்லை என்று தெரியும். பத்துமுறை அழுத்தினால் உங்களுக்காகவே பத்துப் புரோசஸ் ஓடும், அதில் ஒன்பது வீண். பணம் செலுத்தும் பக்கம் நின்றுவிட்டால் வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகே அடுத்த முயற்சி செய்யுங்கள். முறைப்பாடு செய்யும்போது நேரம், பக்கத்தின் முகவரி, திரையில் வந்த எண் மூன்றையும் எழுதுங்கள். பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேட அது போதும்.

சந்தேகம்: பொறுப்பில் உள்ளவர்களிடம் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

விளக்கம்: பெறுபேறு வெளியாகும் இரவும், 2022 ஜூலையில் எரிபொருள் கியூஆர் அட்டைக்கு நாடே பதிவு செய்தது போன்ற நாட்களும் எதிர்பாராதவை அல்ல. எத்தனை பேர் தோற்றினார்கள், எத்தனை வாகனங்கள் உள்ளன என்ற கணக்கு அரசிடம் முன்பே இருக்கிறது. அந்த எண்ணிக்கையைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் கால எல்லை வைத்திருக்கிறீர்களா, கடைசித் தேங்கலுக்குக் காரணம் கண்டீர்களா, மெதுவான இணைப்பில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இணையம் நின்ற நாளிலும் குறுஞ்செய்தியிலோ, நெடுந்தீவுப் பிரதேச செயலகத்திலோ, வேலணையிலோ, ஊர்காவற்றுறையிலோ அதே அலுவலை முடிக்க மாற்று வழி இருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். தரைவழி இல்லாத ஊரில் வாழ்பவர்களுக்கு இணையம் உண்மையான ஒரு பாதை. அதைத் திறந்து வைத்திருப்பது அரசின் கடமை, கேட்டுப் பெறுவது நம் உரிமை.